நிலவேம்பு மணக்காத காலை

எங்கள் டவுன்ஹவுஸுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுடையதற்கும் நடுவே ஒரே சுவர். நியூ ஜெர்சியில் இந்தச் சுவர்களை அட்டையில்தான் கட்டுகிறார்களோ என்னவோ, அந்தப் பக்கம் அவர் இருமினால் இந்தப் பக்கம் என் மனைவி என்னைத் தண்ணீர் குடிக்கச் சொல்வாள். சத்தத்தையாவது டிவியைக் கூட்டி வைத்துச் சமாளிக்கலாம். வாசனையை என்ன செய்வது? காலையில் நான் காபிக்கு டிகாக்‌ஷன் இறக்கும் நேரம் பார்த்து, அதைத் தள்ளிவிட்டுக்கொண்டு அந்தக் கசப்பு உள்ளே வரும். நிலவேம்பு கொதிக்கிற வாசனை. நுகர்ந்தாலே நாக்கு மடங்கிக்கொள்ளும்.

முதலில் அந்த வாசனை வந்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். பிற்பாடு, வராவிட்டால் பயமாகிவிட்டது.

அப்படி வராத ஒரு காலையில்தான் நான் முதன்முதலாக அவர் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாற்றுச் சாவியை எங்களிடம் கொடுத்து வைத்திருந்தார். சமையலறையில் அடுப்பு பற்றவைக்காமல் இருந்தது. பாத்திரத்தில் தண்ணீரும் பொடியும் அப்படியே கிடந்தன. அவர் தரையில், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். முழங்கால்கள் இரண்டும் பேன்ட்டுக்குள் இறுகும் அளவுக்கு வீங்கியிருந்தன. "உழுகலீங்க தம்பி, பயப்படாதீங்க. கீழ கெடந்த கரண்டிய எடுக்க உக்காந்தனுங்க. எந்திரிக்க முடியல" என்றார். எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார்.

ஈரோட்டுப் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை, ஒரே மகன் டெக்ஸஸில் ஃபிரிஸ்கோவில். இவர் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் மென்பொருள் டெஸ்டர். நான் அக்கா என்பேன், என் மகள் நிலாவுக்கு அவர் ஆன்ட்டி. குடியிருப்பில் மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கஷாய அக்கா என்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

மனிதர்களுக்கு ஒரு சொல் பிடிக்காமல் போகும் என்றால் அவருக்குப் பிடிக்காத சொல் "போயிடுச்சு". நிலாவுக்குக் காய்ச்சல் போயிடுச்சு என்று சொன்னால், சந்தோஷப்பட மாட்டார். "எப்பப் போச்சு, எப்படிப் போச்சு" என்று துருவுவார். அவர் சோபாவில் நான் ஒருமுறை சாம்பாரைக் கொட்டினேன். துடைத்து, தேய்த்து, கறை போயேபோய்விட்டது. அடுத்தடுத்துப் போகும்போதெல்லாம் அவர் அந்த இடத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். இனி உங்கள் வீட்டில் சாம்பாரே சாப்பிட மாட்டேன் அக்கா என்றேன். அவர் சிரிக்கவில்லை. அலுவலகத்திலும் அப்படித்தானாம். டெவலப்பர் "ஃபிக்ஸ் பண்ணியாச்சு" என்று மூடிய ஒவ்வொரு பிழையையும் இவர் மறுபடி திறந்து பார்ப்பார். கூட வேலை செய்பவர்கள் அவரைக் கண்டால் வேறு வழியாகக் காபி எடுக்கப் போவார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார், கொஞ்சம் பெருமையோடு.

இதையெல்லாம் நான் ஒரு வேடிக்கையான சுபாவம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வரிசை வீடுகளின் பின்னால் ஒரு கீற்றுப் புல்வெளி, அதற்கப்பால் மரக்காடு. மான் வரும். புதிதாகக் குடிவந்தவர்கள் மானைப் பார்த்ததும் ஊருக்கு வீடியோ கால் போடுவார்கள். நாங்களும் போட்டோம். அக்கா மட்டும் எவர்சில்வர் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து கொட்டு அடித்து விரட்டுவார். மானின் மேல் உண்ணி இருக்கும், உண்ணி புல்லில் இறங்கும், புல்லிலிருந்து காலில் ஏறும். ஊரில் மாட்டு மடியிலும் நாயின் காதிலும் பருத்துத் தொங்குமே, அந்த உண்ணியின் சாதிதான். ஆனால் கடிக்கிற குட்டி இங்கே கசகசா அளவுதான் இருக்கும். இந்த ஊர்க் கசகசா கறுப்பு. அதைத் தூவிய பேகல் ரொட்டியை அலுவலகத்தில் யாராவது மேசையில் வைத்தால் அக்கா எழுந்து போய்விடுவார்.

கோடை, குளிர் எதுவானாலும் வெள்ளைக் காலுறை. சுடிதாரின் பேன்ட்டை அதற்குள் திணித்து, கிட்டத்தட்ட முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்டிருப்பார். பட்டுப்புடவைக்கும் அதே காலுறை. கோவிலில் செருப்பைக் கழற்றுவார், காலுறையைக் கழற்ற மாட்டார். கறுப்புப் பூச்சி வெள்ளையில் ஏறினால் உடனே தெரியும் என்பது அவர் கணக்கு. வீட்டுக்குள்ளும் எதற்கு என்று கேட்டேன். "பழகிருச்சுங்க" என்று பேச்சை மாற்றினார்.

இந்தக் கொட்டும் காலுறையும் எல்லாம் அவருக்கு நோய் வந்த பிறகுதான். நோய் தெரிந்தது எங்கள் வீட்டுக் கொலுவில். சுண்டல் சாப்பிட்டுவிட்டு, என் மனைவி கொடுத்த காபியை வாயில் வைத்தார். காபி வலது கடைவாயிலிருந்து வழிந்து பட்டுப்புடவையில் இறங்கியது. அவர் கவனிக்கவில்லை. யாரோ சொன்னதும் சிரிக்கப் பார்த்தார். முகத்தின் ஒரு பாதி மட்டும் சிரித்தது, மறு பாதி வேறு யாருடைய முகமோ போல அப்படியே இருந்தது. வலது கண் மூடவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டிருந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டுப் பார்த்தன. பக்கவாதம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆம்புலன்ஸ் வந்து, கொலுப்படிக்குப் பக்கத்தில் ஸ்ட்ரெச்சரை விரித்தார்கள். 

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, லைம் நோய் என்றார்கள். உண்ணி கடித்து, கிருமி உடம்புக்குள் போய், முகத்து நரம்பு வரைக்கும் வந்திருக்கிறது. கோடையில் உடம்பில் எங்காவது வட்டமாகத் தடிப்பு வந்ததா என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் நான் நின்றிருந்தேன். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினார்.

மாத்திரைகளை ஒன்று விடாமல் விழுங்கினார். முகம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. போயிடுச்சு என்றார்கள் எல்லோரும். ஆனால் மூட்டுவலி போகவில்லை. ஒருநாள் நன்றாக நடப்பார், மறுநாள் படி ஏற முடியாது. எதையோ சொல்ல வந்து, சொல் கிடைக்காமல் சுவரைப் பார்ப்பார். டாக்டர்கள் பரிசோதித்துவிட்டு, கிருமிக்கான மருந்து முடிந்துவிட்டது, சிலருக்கு இப்படி வலியும் அசதியும் மிச்சம் நிற்கும், நாளாக நாளாகக் குறையும் என்றார்களாம். எத்தனை நாள் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அப்போது ஆரம்பித்ததுதான் கஷாயம். காலையில் நிலவேம்பு. மூட்டுக்கு முடக்கத்தான் கீரையை அரைத்து தோசை. தூக்கத்துக்கு அமுக்கராப் பொடி போட்ட பால். ஜன்னலோரம் தொட்டி தொட்டியாகச் செடிகள், குளிர்காலத்தில் அவற்றுக்கு விளக்கு, ஹீட்டர். முடக்கத்தானை யார் கேட்டாலும் கொத்தாகப் பறித்துக் கொடுப்பார். கூடவே ஒரு தொட்டியில் சீமையகத்தி இருந்தது. படர்தாமரைக்கு அதன் இலையை அரைத்துப் போடுவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். மகனுக்குப் படர்தாமரை என்று ஒரு பெண்மணி கேட்டு வந்தபோது, அக்கா கையை அகல விரித்துச் செடிக்கு முன்னால் நின்றுகொண்டார். டாக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார். இத்தனை பச்சிலை வைத்திருப்பவருக்கு இதில் மட்டும் என்ன கஞ்சத்தனம் என்று அந்தப் பெண்மணி எங்களிடம் வந்து புலம்பினார்.

வலி இல்லாத நாட்களிலும் குடிப்பார். இன்றைக்குத்தான் நன்றாக இருக்கிறீர்களே, ஒரு நாள் விட்டால் என்ன என்று கேட்டேன். "நல்லா இருக்கற அன்னிக்குத்தானுங்க தம்பி பயமே" என்றார். பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

இணையத்தில் பார்த்து ஏதேதோ சொட்டு மருந்துகளும் வரவழைத்தார். அதில் ஒன்றைக் குடித்துவந்தபோது கல்லீரல் பரிசோதனையில் எண்கள் ஏறிவிட்டன. எல்லாப் புட்டிகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் மேசையில் கொட்டினார் என்று கேள்விப்பட்டேன். வரும்போது பை பாதியாக இளைத்திருந்தது. ஆனால் கோவிலில் நாலு பேர் கூடினால், "மாத்திரை முடிஞ்சதுக்கு அப்புறம் இதுதானுங்க என்னை நடக்க வெக்குது" என்பார். கேட்டவர்கள் முதல் பாதியை விட்டுவிட்டுப் பின் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். சர்க்கரைக்காரர்களும் தைராய்டுக்காரர்களும் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

எனக்கு உள்ளூர பயம் வந்தது. படித்தவர், எதையும் இரண்டு முறை சோதிப்பவர், இப்படி ஒரேயடியாகப் பச்சிலைப் பக்கம் சாய்ந்துவிட்டாரே என்று. என் மனைவி நேரடியாகவே சொன்னாள், "அவங்க நல்லவங்கதான். ஆனா நிலாவுக்கு எதையாவது குடிக்கக் குடுத்தா வாங்காத."

ஒரு வசந்தத்தில், மதிய நேரம், அக்காவிடமிருந்து ஃபோன். நான் மீட்டிங்கில் இருந்தேன். குரல் தணிந்து, பக்கத்தில் யாரோ தூங்குவதைப் போல வந்தது. "தம்பி, காரை ஓரமா நிறுத்தியிருக்கனுங்க. நான் எங்க இருக்கேன்னு தெரியலீங்க" என்றார். ஜிபிஎஸ் பாருங்கள் என்றேன். பார்த்தேன், பெயரைப் படிக்க முடிகிறது, அது எந்த இடம் என்றுதான் தெரியவில்லை என்றார். எதிரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு டோனட் கடை, பக்கத்தில் இந்திய மளிகைக் கடை என்றார். மீட்டிங்கை விட்டு எழுந்துவிட்டேன். அது அவர் வாராவாரம் கறிவேப்பிலை வாங்குகிற கடை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சிக்னல்.

நான் போய்ச் சேரும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்குள் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டதாம். வந்த பிறகுதான் அதிகமாகப் பயந்திருந்தார். இடது கை அடிக்கடி கீழே போய், காலுறைக்கு மேலாக, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே ஓர் இடத்தை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தது. அங்கே வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்தப் பழக்கத்தை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். கேட்கத் தோன்றியதில்லை.

அடுத்த கோடை தொடங்கி, பள்ளி இன்னும் மூடாத ஒரு வாரத்தில் அந்தச் சனிக்கிழமை வந்தது.

என் மனைவி அலுவலக வேலையாக சன்னிவேல் போயிருந்தாள். நிலாவுக்கு அப்போது ஏழு வயது. நீச்சல் வகுப்பு முடிந்து வந்து குளித்தாள். துண்டால் காலைத் துடைத்துவிடும்போதுதான் பார்த்தேன். இடது முழங்காலுக்குப் பின்னால், மடிப்பில், ஒரு வட்டம். என் உள்ளங்கையில் பாதி இருக்கும். சிவப்பு என்று சொல்ல முடியாது. எங்கள் நிறத்தில் எது சிவப்பாகத் தெரிகிறது? பழுப்பில் கொஞ்சம் கத்தரிப்பூ நிறம் கலந்தது போல இருந்தது. அரிக்கிறதா என்றேன். "நோ" என்றாள். வலிக்கிறதா என்றேன். "நோ, அப்பா. கேன் ஐ கோ?" என்றாள்.

படர்தாமரை என்று உடனே முடிவு கட்டினேன். நீச்சல் குளம், ஈர நீச்சலுடை, வேறென்ன? படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். அவளும் அதையேதான் எழுதினாள், ஒரு கிரீமின் பெயரோடு. சின்ன வயதில் எனக்கு வந்தபோது சீமையகத்தி இலை போட்டுத்தான் ஆறியது. மருந்துக்கடை வரை எதற்குப் போகவேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம் செடியே இருக்கிறதே. இலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வோம், குடிக்கிற எதையும் வாங்கவேண்டாம் என்று மனதுக்குள் எல்லை போட்டுக்கொண்டு போனேன்.

அக்கா செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நல்ல நாள் போலிருக்கிறது, நின்றுகொண்டே தெளித்தார். நிலாவுக்குப் படர்தாமரை, ரெண்டு இலை வேண்டும் என்றேன். தெளிப்பான் நின்றது.

"எங்கீங்க?"

முழங்காலுக்குப் பின்னால் என்றேன்.

தெளிப்பானைக் கீழே வைத்தாரா போட்டாரா தெரியவில்லை. வீட்டுக்கு முன்னால் சிமென்ட் பாதை சுற்றிக்கொண்டு போகும். அவர் சுற்றவில்லை. செருப்பில்லாமல், வெறும் காலுறையோடு, இரண்டு வாசலுக்கும் நடுவே உள்ள புல்லில் இறங்கி ஓடினார். புல்லைக் கண்டால் நாலடி தள்ளி நடக்கிற மனுஷி. ஓட முடிகிற முழங்கால்களும் இல்லை அவை. அவர் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் நானும் பின்னாலேயே ஓடினேன்.

நிலாவைக் குப்புறப் படுக்கச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரலால் அந்த வட்டத்தின் மேல் மெதுவாகத் தடவினார். என் விரலையும் பிடித்து வைத்துத் தடவச் செய்தார். வழவழவென்றிருந்தது. படர்தாமரை என்றால் ஓரத்தில் செதில் செதிலாகச் சொரசொரக்கும், இதில் ஒன்றுமில்லை பாருங்கள் என்றார். ஃபிரிட்ஜின் மேலிருந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, பரவினால் தெரியட்டும் என்று வட்டத்தின் விளிம்பை ஒட்டி நீலக் கோடு போட்டார். நிலா கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். பள்ளியில் எங்காவது காட்டுப் பக்கம் கூட்டிப் போனார்களா என்று கேட்டார். பூங்காவுக்கு, இலைச் சருகுக்குள் ஒளிந்து விளையாடினோம் என்றாள் நிலா, ஆங்கிலத்தில், குஷியாக.

"சாவிய எடுங்க தம்பி" என்றார் அக்கா.

எனக்கு அப்போதும் நம்ப மனமில்லை. நம்பாமல் இருந்தால் அது இல்லாமல் போய்விடும் என்பதுபோல நின்றேன். திங்கட்கிழமை குழந்தைகள் டாக்டரைப் பார்க்கலாம், அதுவரைக்கும் இலையைப் போட்டுப் பார்க்கலாமே, போட்டால் போய்விடும் இல்லையா என்று கேட்டேன்.

"போயிரும்" என்றார். "அரைச்சுப் போட்டாலும் போயிரும், போடாட்டியும் போயிரும். எனக்கும் போச்சுங்க."

பிறகு, நிலாவின் காலிலிருந்து கையை எடுக்காமல், குரலை ஏற்றாமல் சொன்னார். கொலுவுக்கு முந்தின கோடையில் அவருக்கும் இதே வட்டம் வந்திருக்கிறது, கணுக்காலுக்கு மேலே. படர்தாமரை என்று நினைத்து, சீமையகத்தியை அரைத்து, எலுமிச்சைச் சாறு விட்டு நாள் தவறாமல் போட்டிருக்கிறார். வட்டம் வெளிறி, மங்கி, ஒருநாள் சுத்தமாகக் காணவில்லை. மருந்து கேட்டுவிட்டது என்று அத்தனை சந்தோஷம். மகனுக்கு ஃபோன் போட்டு, பார்த்தாயா நம்ம ஊர் வைத்தியத்தை என்று பீற்றிக்கொண்டாராம். அந்த வட்டம் தானாகவே மறைகிற சாதி என்று அவருக்குத் தெரியாது. தோலை விட்டுப் போனது உள்ளே போய்க்கொண்டிருந்தது. கொலுவன்று முகம் கோணின பிறகுதான் அவருக்கு விளங்கியது. விளங்கிய பிறகு வெளியே சொல்ல வெட்கம். டாக்டரிடமே இல்லை என்று சொல்லிவிட்டார்.

"ஆபீஸ்ல எவன் ஃபிக்ஸ் ஆயிருச்சுன்னு சொன்னாலும் நம்ப மாட்டனுங்க. எங்கால்ல மட்டும் நம்பிட்டேன்."

செடி பொய் சொல்லவில்லை, படர்தாமரைக்கு அது நல்ல மருந்துதான், நான்தான் வேறொன்றைக் கொண்டுபோய் அதனிடம் காட்டினேன் என்றார். அதனால்தான் வெட்டிப் போடவும் மனசில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனசில்லை.

நான் சாவியை எடுத்தேன்.

சனிக்கிழமை திறந்திருக்கும் ஓர் அவசர சிகிச்சை மையத்துக்குப் போனோம். போகும் வழியெல்லாம் கண்ணாடியில் நிலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அவள் சிரிக்கும்போது இரண்டு பக்கமும் சரியாகச் சிரிக்கிறதா என்று பார்த்தேன்.  டாக்டர் நிதானமான மனிதர். வெளிச்சத்தில் பார்த்தார், தடவினார், பூங்காவைப் பற்றிக் கேட்டார். இவ்வளவு சீக்கிரத்தில் ரத்தப் பரிசோதனையில் தெரியாமலும் போகலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த வட்டமே போதும் என்று சொல்லி மருந்து எழுதினார். நல்ல வேளையாகச் சீக்கிரம் பார்த்தீர்கள், பெரும்பாலும் முழுசாகக் குணமாகிவிடும் என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் நிலாவின் செருப்பு வாரைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது நிலா பின் சீட்டிலிருந்து, ஆன்ட்டி உங்கள் கசப்புத் தண்ணீரையும் நான் குடிக்க வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தப் பதிலுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டேன்.

"வேண்டாங் கண்ணு. என்ற கசாயம் எனக்கு மட்டுந்தான்" என்றார் அக்கா. "அது நோய்க்கு இல்ல. நோய் உட்டுட்டுப் போன வலிக்கு. உனக்கு வலி வரவே கூடாது."

அதைச் சொன்னபோது என் பக்கம் திரும்பவில்லை. இத்தனை நாள் அவரைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசியதெல்லாம் அந்த அட்டைச் சுவர் வழியாக அவருக்குக் கேட்டிருக்குமோ என்று அப்போதுதான் தோன்றியது. 

ரோஜா நிற மருந்து, புட்டியில். சில நாளிலேயே வட்டம் மங்கி, பிறகு தேடினாலும் கிடைக்கவில்லை. ஆனால் மருந்து நிலாவின் வயிற்றைப் புரட்டிவிட்டது. சாப்பிட மறுத்தாள், வாந்தி எடுத்தாள், புட்டியைப் பார்த்தாலே அழுதாள். போதும் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. அதுதான் போயிடுச்சே.

சொல்லிவைத்தாற்போல அக்கா தினமும் காலையில் வந்துவிடுவார். வலி இருக்கிற நாட்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். டாக்டரைக் கேட்டு, சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று தெரிந்துகொண்டு, நிலாவுக்குத் தயிர்சாதம் ஊட்டி மருந்தைக் கொடுப்பார். பிறகு பேனாவை எடுத்து, குளித்ததில் அழிந்துபோன கோட்டின் மேலேயே மறுபடி கோடு போடுவார். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் தோலைச் சுற்றி ஒரு நீல வட்டம். எதற்கக்கா என்றேன். "கண்ணுக்குத் தெரியாட்டி நிறுத்தீருவீங்க" என்றார்.

நிலா ஒருநாள் காலைக் காட்ட மாட்டேன் என்று அடம் பிடித்தாள். பள்ளியில் எல்லோரும் கேட்கிறார்களாம். நான் அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவள் காதில் ஏதோ சொல்லி, தரையில் உட்கார்ந்து எதையோ காட்டினார். திரும்பிப் பார்ப்பதற்குள் நிலா சமர்த்தாகக் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். மருந்து தீரும்வரை அதற்குப் பிறகு மூச்சுவிடவில்லை.

நிலாவுக்கு ஒன்றும் வரவில்லை. அந்த இலையுதிர்காலம் முழுக்க, அவள் காலை மடக்கி உட்கார்ந்தால், பெயர் சொல்லக் கொஞ்சம் தடுமாறினால், கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அவளையே பார்ப்பேன். ஆனால் ஒன்றும் வரவில்லை.

அடுத்த வருடம் அக்காவின் மகன் பிடிவாதமாக அவரை ஃபிரிஸ்கோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டான். தனியாக இருக்க வேண்டாம், புதுக் காலனி, பின்னால் காடு கிடையாது, மான் கிடையாது. முடக்கத்தான் தொட்டிகளை எங்களுக்குக் கொடுத்தார். சீமையகத்தியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார். விமானத்தில் தொட்டியை மடியில் வைக்க விடமாட்டார்கள் என்று நான் சொன்ன பிறகு அதை யாருக்கும் கொடுக்காமல், அவரே வேரோடு பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினார்.

வாசலில் டாக்ஸி நின்றது. படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். நிலா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஆன்ட்டி, டிட் யூ டூ யுவர் சர்க்கிள் டுடே?" என்று கேட்டாள், பல் தேய்த்தாயா என்று கேட்பதுபோல.

எனக்குப் புரியவில்லை. அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மறைக்க ஒன்றுமில்லை என்பதுபோல இடது காலின் வெள்ளைக் காலுறையைக் கீழே தள்ளினார். கணுக்காலுக்கு மேலே, சுருக்கம் விழுந்த வெறும் தோலைச் சுற்றி, அன்று காலையில் போட்ட நீலக் கோடு. அதற்கடியில் பழைய கோடுகளின் சாயம் பச்சை குத்தியதுபோல ஏறிப் போயிருந்தது. முகம் கோணின நாளிலிருந்து, வருடக்கணக்காக, தினமும்.

"அதான் போயிடுச்சேக்கா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆமாங்க தம்பி" என்றார். "எங்க போச்சுன்னுதான் தெரியல."

காலுறையை மேலே இழுத்துவிட்டு, நிலாவின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். டாக்ஸி திரும்பும்போது ஜன்னல் வழியாக எங்கள் புல்வெளியைத்தான் பார்த்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் காபி போட நின்றேன். டிகாக்‌ஷன் வாசனை மட்டும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எதுவும் வரவில்லை. அவர் ஃபிரிஸ்கோவில் மகன் வீட்டில் பத்திரமாக இருக்கிறார் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் கை தானாக அவர் வீட்டுச் சாவி மாட்டியிருந்த கொக்கிக்குப் போனது. அது காலியாக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நிலாவைக் கூப்பிட்டு, காலைத் திருப்பச் சொன்னேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் திருப்பினாள். விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது. ஒன்றும் இல்லை. பஸ் வந்து ஹார்ன் அடிக்கும் வரைக்கும் அந்த ஒன்றுமில்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.